அவரைக்காய் சீசனில் ஒரு மாப்பிள்ளை

மார்கழி பிறந்துவிட்டால், கன்னடச் சீமையில் ஆடுகோடியில் இருக்கும் மரகதத்தின் அடுப்படிக்கு வேறு காய் தெரியாது. காலையில் அவரைக்கொட்டை போட்ட உப்புமா, மதியம் ஊறவைத்துத் தோலைப் பிதுக்கி எடுத்த பிதுக்குப்பருப்புக் குழம்பு, ராத்திரியும் அதுவே. தின்று வளர்ந்த மகள் லாவண்யாவுக்கு அதில் ஒரு அதிசயமும் இல்லை. இரண்டாயிரத்து ஒன்றாம் வருஷ மார்கழியில் அந்த வீட்டுக்குப் புதுசு மாப்பிள்ளை மட்டும்தான்.

அஷ்வின் விருதுநகர்க்காரன், சாப்ட்வேர் வேலை. கல்யாணமாகி ஒரு மாதம். பார்த்து வைத்த வாடகை வீடு தையில்தான் காலியாகும் என்பதால் அதுவரை மாமனார் வீட்டில் ஜாகை. மாப்பிள்ளைக்குப் பரிமாறும்போது மரகதத்தின் கை நிற்காது. வேண்டாம் என்பதற்குள் மூன்றாவது கரண்டி விழுந்துவிடும். அவனும் மறுபேச்சில்லாமல் சாப்பிடுவான். கை கழுவியதும் செல்போனைக் காதில் வைத்துக்கொண்டு மொட்டை மாடிக்குப் போய்விடுவான். கீழே சிக்னல் இல்லையாம். இறங்கி வர அரை மணி நேரமாகும்.

செல்போனில் வந்த அழைப்புக்கும் காசு பிடித்த காலம் அது. தினம் அரை மணி நேரம் பேசுகிறவன் சும்மா பேசுவானா? பத்து நாள் பொறுத்த மாமனார் இராஜமாணிக்கம், பேப்பரைத் தாழ்த்தாமலே மரகதத்திடம் கேட்டார்.

"ஊர்ல யாரையாவது விட்டுட்டு வந்திருக்காரா, விசாரிச்சியா?"

பக்கத்து அறையில் இருந்த லாவண்யாவின் காதில் அது விழுந்தது. அவளும் அதையேதான் நினைத்து மருகிக்கொண்டிருந்தாள். மாடியிலிருந்து வந்தாலும் தள்ளியே உட்கார்கிறான், கேட்டதற்கு ஒற்றை வார்த்தையில் பதில் சொல்கிறான்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் ஓசைப்படாமல் மாடியேறினாள். செல்போன் அணைந்து கைப்பிடிச் சுவரில் கிடந்தது. தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் அவன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு குறுக்கும் நெடுக்கும் நடந்துகொண்டிருந்தான்.

"யார்கிட்ட பேசுறீங்க?"

அவன் வாயைத் திறப்பதற்குள் வயிறு பதில் சொல்லிவிட்டது, பக்கத்து வீட்டுக்கும் கேட்கும்படி. பாவம், கூனிக் குறுகிப் போனான்.

"இந்த அவரைக்கொட்டை எனக்கு ஒத்துக்கல லாவண்யா. வேணாம்னா அத்தை மனசு கஷ்டப்படும். அந்தக் கூடத்துல எல்லார் நடுவுலயும் நான் என்ன பண்ணட்டும்?"

லாவண்யா சிரித்தாள். சிரித்துக்கொண்டிருக்கும்போதே அழுகை வந்துவிட்டது. பத்து நாள் பயந்த பயம் அப்படி.

அம்மாவிடம் அவள் மூச்சு விடவில்லை. மறுநாளிலிருந்து பரிமாறும் வேலையைத் தான் வாங்கிக்கொண்டாள். முதலில் ஒரு ஸ்பூன். நாலு நாள் கழித்து இரண்டு. பழகாத வயிற்றில் ஒரேயடியாகக் கொட்டினால் அதுதான் என்ன செய்யும்? முதல் வாரம் முரண்டு பிடித்தது, அடுத்த வாரம் முனகியது, பொங்கல் வந்தபோது அடங்கிவிட்டது.

மாட்டுப் பொங்கலன்று அஷ்வின் குழம்பைக் கேட்டு வாங்கி இரண்டு கரண்டி சாப்பிட்டான். கை கழுவிவிட்டு, கூடத்தில் லாவண்யாவை ஒட்டி உட்கார்ந்தான். செல்போன் அலமாரி மேலேயே இருந்தது. மரகதம் அதையும் அவனையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"இன்னிக்கு மாடிக்குப் போகலையா மாப்ள?"

"நான் எங்கயும் போகல அத்தை."

இராஜமாணிக்கம் பேப்பரை மடித்து வைத்தார். மரகதம் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு அடுப்படிக்குள் போனாள். போனவள் குழம்புக் கரண்டியோடு திரும்பி வந்தாள். லாவண்யா எழுந்து போய் அதைக் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள்.