தற்காலிக அடைப்பு

1

வாயைத் திறந்துகொண்டே பேசாமல் இருக்கலாம் என்ற வசதி பல் மருத்துவரின் நாற்காலியில் மட்டும்தான் உண்டு. இந்தக் கதை எனக்கு அங்கேதான் கிடைத்தது. எதிர்ச் சுவரில் தொலைக்காட்சி ஓடியது. ஒரு நாடு இன்னொரு நாட்டுக்குள் படையோடு புகுந்து, உடைக்க வேண்டியதையெல்லாம் உடைத்த பிறகு, அங்கேயே தங்கி உதவ வேண்டுமா, கிளம்பிவிட வேண்டுமா என்று கோட்டு போட்ட இருவர் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். மருத்துவர் என் வாய்க்குள் இரண்டு கைகளையும் விட்டபடி, "நீங்க என்ன நினைக்கிறீங்க?" என்று கேட்டார்.

"ஆ" என்றேன்.

"நானும் அதையேதான் சொல்றேன்" என்றார்.

அவர் எந்தப் பக்கம் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. நான் எந்தப் பக்கம் என்பதும் தெரியவில்லை. மரத்துப்போன உதட்டோடு வீட்டுக்கு வந்து, ஜன்னலோரம் நெடுநேரம் உட்கார்ந்திருந்தேன். பிறகு, பேச வராதவர்கள் செய்யும் காரியத்தைச் செய்தேன். எழுத ஆரம்பித்தேன்.

2

முதல் தொடக்கம்: அது ஓர் இருண்ட காலம். வானத்தில் கழுகுகள் வட்டமிட்டுக்—

(வேண்டாம். கழுகு வந்தால் அடுத்த வரியில் சாம்பல் வரும். சாம்பலுக்குப் பின்னால் ஒரு குழந்தையின் ஒற்றைச் செருப்பு வரும்.)

இரண்டாவது தொடக்கம்: போர் என்பது மனித குலத்தின்—

(ஊசியைப் பார்த்தாலே கண்ணை மூடிக்கொள்ளும் ஆள் நான். மனித குலத்தைப் பற்றி எனக்கு என்ன பேச்சு?)

மூன்றாவது தொடக்கம்: ஊரின் ஒரே பல் ஆஸ்பத்திரி மீது குண்டு விழுந்தது.

இது பிடித்திருந்தது. சின்ன வாக்கியம், கச்சிதமாக இருந்தது. எழுதிவிட்டு டீ குடிக்கப் போனேன். அந்த நேரத்தில் அங்கே என்ன நடந்துகொண்டிருக்கும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

3

குண்டு விழுந்தபோது கண்டக்டர் ஆஸ்பத்திரிக்கு எதிரே நின்ற பஸ்ஸின் பின்படியில், வாயில் விசிலோடு நின்றுகொண்டிருந்தாள்.

பஸ்ஸை ஓட்டுகிறவர் அவள் கணவர். கல்யாணமான நாளிலிருந்து அவள் விசிலுக்குத்தான் அவர் வண்டியை எடுக்கிறார், நிறுத்துகிறார். ஒரு விசில் என்றால் நில். இரண்டு விசில் என்றால் கிளம்பு. வீட்டிலும் இதே ஏற்பாடுதான் என்று ஊரில் ஒரு பேச்சு உண்டு. இருவரும் அதை மறுத்ததில்லை.

சத்தம் கேட்ட அதிர்ச்சியில் அவள் விசிலைக் கடித்துவிட்டாள். விசில் பித்தளை. அதற்கு ஒன்றும் ஆகவில்லை. கோரைப் பல்லுக்கு அடுத்த பல் வேர்வரை விண்டுபோனது.

(பிளாஸ்டிக் விசில் என்று எழுதியிருந்தால் பல் பிழைத்திருக்கும். பித்தளை என்ற சொல் காதுக்கு நன்றாக இருந்தது. இதைவிட அற்பமான காரணத்துக்கெல்லாம் படைகள் புறப்பட்டிருக்கின்றன என்று சமாதானம் சொல்லிக்கொண்டேன்.)

அன்று மாலையே ஊரின் பல் மருத்துவர் குடும்பத்தோடு வெளியூர் போய்விட்டார். மறுநாள் படை உள்ளே வந்தது. டீசல் எல்லாம் படைக்குப் போனதால் பஸ் கொட்டகையில் நின்றது. கண்டக்டருக்குக் கை சும்மா இருக்கவில்லை. கடைத்தெரு முக்கில் நின்று விசில் ஊதி வண்டிகளை ஒழுங்குபடுத்த ஆரம்பித்தாள். யாரும் அவளைக் கேட்கவும் இல்லை, தடுக்கவும் இல்லை. கொஞ்ச நாளில் படையின் லாரிகளும் ஒரு விசிலுக்கு நின்றன, இரண்டு விசிலுக்குக் கிளம்பின. உள்ளே புகுந்தவர்கள் அந்த ஊரில் கீழ்ப்படிந்த ஒரே சட்டம் அதுதான்.

ஒவ்வொரு ஊதலுக்கும் பல்லில் மின்னல் வெட்டியது.

4

படை முகாமில் இலவசப் பல் சிகிச்சை தொடங்கியது. மருத்துவருக்கு ஊர் வைத்த பெயர் பல் கேப்டன். அவருக்கு ஊர்மொழியில் நான்கே சொற்கள் தெரியும். திற. மூடு. துப்பு. வலிக்குதா?

முதல் வரைவில் அவரை நன்றாகப் பேச வைத்திருந்தேன். "அம்மா, உடைத்தவர்கள் நாங்கள். சரிசெய்யும் கடமையும் எங்களுடையதே" என்று அவர் தழுதழுத்தார்.

[அடிக்கப்பட்டது. இவ்வளவு அழகாகப் பேசத் தெரிந்தவர் முதலிலேயே தன் ஆட்களிடம் பேசியிருக்கலாம்.]

கண்டக்டர் போய் நாற்காலியில் உட்கார்ந்தாள். உட்காருவதற்கு முன்னாலேயே பேச்சை ஆரம்பித்தாள்.

"எப்பய்யா கிளம்புவீங்க?"

"திற" என்றார் கேப்டன்.

"ஆஸ்பத்திரியை இடிச்சிட்டு, அதுக்கு எதிர்லயே கொட்டாய் போட்டு வைத்தியமா? யாரு கேட்டா உங்களை?"

"திற."

திறந்தாள். வேறு என்ன செய்வது? அவர் கை மிக மென்மையாக இருந்தது. அதுதான் அவளுக்கு எரிச்சலாக இருந்தது. முரட்டுக் கையாக இருந்தால் திட்டிவிட்டுப் போயிருக்கலாம்.

"வலிக்குதா?"

அவள் அவரை முறைத்தாள். உதவுகிறவனும் உடைத்தவனும் ஒரே சட்டை போட்டு வந்தால், நன்றி சொல்ல எந்தப் பக்கம் திரும்புவது?

வேரைச் சுத்தம் செய்து, வெள்ளையாக ஒரு தற்காலிக அடைப்பு வைத்தார். மறுபடி வந்தால்தான் வேலை முடியும் என்று கையால் காட்டினார். முடிக்காமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்குக் கன்னத்தை உப்பிக் காட்டி, கண்ணை மூடி, தலையைச் சாய்த்தார். மொழி தெரியாதவர் என்றாலும் நல்ல நடிகர்.

அந்த மறுபடி வருவதற்குள் அறிவிப்பு வந்துவிட்டது. படை கிளம்புகிறது.

5

படையைப் போகச் சொல்லும் ஊர்க்காரர்களின் 'வெளியேறு' குழு கொட்டகையில் நின்ற பஸ்ஸுக்குள் கூடியது. கோஷத்துக்குத் தலைமை கண்டக்டர்தான். ஊரில் அவளுக்கு இருக்கும் குரல் வேறு யாருக்கும் கிடையாது. பிஸ்கட் பொட்டலம் கைமாறியது. பாதிப் பேர் ஒரு பக்கமாகவே மென்றார்கள்.

"நாளைக்குக் காலையில கிளம்புறாங்க" என்றார் தபால்காரர். "நம்ம கோஷத்துக்குப் பயந்துதான்."

"நாம கோஷம் போடுறதுக்கு முன்னாடியே அறிவிச்சிட்டாங்களே?" என்றார் டிரைவர்.

"நீங்க ரோட்டைப் பாருங்க" என்றாள் கண்டக்டர். வண்டி நின்றுகொண்டுதான் இருந்தது. ஆனாலும் அவர் முன்னால் திரும்பிக்கொண்டார்.

பார்பர் கன்னத்தைப் பிடித்தபடி எழுந்தார். "அக்கா, ஒரு சின்னத் திருத்தம். 'உடனே வெளியேறு'ங்கறதை, 'சிகிச்சை முடிஞ்ச உடனே வெளியேறு'ன்னு மாத்திக்கலாமா?"

"உனக்கு எந்தப் பல்லு?"

"கீழ, கடைசி. உங்களுக்கு?"

ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். பிறகு ஒவ்வொருவராக வாயைத் திறந்து காட்டினார்கள். பாதிக் குழுவுக்கு வெள்ளை அடைப்பு.

"கோஷம் ரொம்ப நீளம்" என்றாள் கண்டக்டர். "மூச்சு வாங்கும்."

"நீளத்தை விடும்மா, நியாயத்தைப் பாரு" என்றார் தபால்காரர். அவருக்குப் பொய்ப்பல் செட். அதனால் கொள்கையில் உறுதியாக இருந்தார். "இன்னைக்குப் பல்லுக்காக இருன்னா, நாளைக்குக் கண்ணுக்காக இருப்பான், அப்புறம் பாலத்துக்காக, குழாய்க்காக. கடைசியில பேரனுக்குப் பேர் வைக்கவும் அவன்கிட்டதான் கேக்கணும்."

"பின்ன, உடைச்சவன் ஒட்டாம போறது நியாயமா?" என்றார் பார்பர். "பாதித் தலை வெட்டிட்டு, 'நான் ஊருக்குப் போறேன்'னு கத்திரியைக் கீழ வச்சா நீங்க விடுவீங்களா?"

"நீ என்ன, கதவை உடைச்சுக்கிட்டு வந்தா எனக்கு முடி வெட்டின?"

"ரெண்டு பேர் சொல்றதும் சரியாத்தான் படுது" என்றார் டிரைவர், ரோட்டைப் பார்த்தபடியே.

"அதனாலதான் உங்களுக்குப் பின்னால ஒரு ஆள் விசில் ஊத வேண்டியிருக்கு" என்றாள் கண்டக்டர். "நான் சொல்றேன் கேளுங்க. உடைச்சவன் ஒட்டித்தான் ஆகணும். ஆனா நம்ம வீட்டுக்குள்ள உக்காந்துக்கிட்டு ஒட்ட வேண்டாம். வெளியில நின்னு ஒட்டட்டும்."

"வெளியில நின்னா வாய்க்குள்ள எப்படிக்கா கை எட்டும்?"

யாரும் பேசவில்லை.

(இந்த இடத்தில் அரைப் பக்கம் மௌனம் எழுதியிருந்தேன். எனக்கு மிகவும் பிடித்த பகுதி. பார்பருக்குப் பல் வலி தாங்கவில்லை, குறைத்துவிட்டேன்.)

6

எல்லாரும் போனபின் கண்டக்டர் மட்டும் பஸ்ஸில் இருந்தாள். டிரைவரின் கண்ணாடியில் கடைசி சீட்டைப் பார்த்தாள்.

"ஏங்க, எழுதுறவரே. இங்க வாங்க."

போனேன்.

"டிக்கெட் எடுத்தீங்களா?"

"இல்ல."

"அதானே பார்த்தேன். அந்த ஆஸ்பத்திரி மேல குண்டு போட்டது யாரு?"

"படை."

"படை எங்கேருந்து வந்துச்சு?"

நான் ஜன்னலைப் பார்த்தேன்.

"கேக்குறேன்ல?"

"மூணாவது தொடக்கத்துலேருந்து."

"எதுக்கு?"

"சின்ன வாக்கியம். கச்சிதமா இருந்துச்சு."

டிக்கெட் எடுக்காமல் தூங்குவதுபோல நடிக்கிறவர்களைப் பார்க்கும் பார்வை ஒன்று அவளிடம் இருந்தது. அதே பார்வையால் என்னைப் பார்த்தாள்.

"இப்ப நீங்களும் கதையை முடிச்சிட்டுக் கிளம்பப் போறீங்க. என் பல்லு?"

கைவசம் சில முடிவுகள் இருந்தன. ஒவ்வொன்றாக எடுத்து வைத்தேன்.

"கேப்டன் மட்டும் படையை விட்டுட்டு இங்கேயே தங்கிடுறார். ஊரே அவரைக் கொண்டாடுது."

"ஒரு நல்லவனைக் காட்டி மொத்தப் படையையும் மறைக்கப் பாக்குறீங்க. வேற?"

"படை போயிடுது. உங்க கன்னம் வீங்குது. காய்ச்சல். கோஷத்தோட கடைசிச் சொல் உதட்டுல இருக்கும்போதே—"

"நிறுத்துங்க. உங்களுக்குக் கடைசி வரி வேணும்ங்கறதுக்காக நான் சாகணுமா?"

"நாற்காலியையும் மிஷினையும் விட்டுட்டுப் போறாங்க."

"யாருக்கு ஓட்டத் தெரியும்? ரெண்டே வாரத்துல பார்பர் அதுல ஆளை உக்கார வச்சு ஷேவிங் பண்ணிட்டு இருப்பான்." கொஞ்சம் யோசித்தாள். "இதுதான் நடக்கும். அதனாலதான் பிடிக்கல."

வேறு வழியில்லாமல், "அந்தக் குண்டு விழுந்த வரியையே அடிச்சிடுறேன்" என்றேன். அடிக்கவும் செய்தேன்.

அவள் காகிதத்தை வாங்கி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தாள். "கோட்டுக்கு அடியில எழுத்து தெரியுது பாருங்க. அடிச்சிட்டா விழாததா ஆயிடுமா?"

"அப்ப நான் இருந்து உதவட்டுமா, போயிடட்டுமா?"

"பல்லு அடைக்கத் தெரியுமா உங்களுக்கு?"

"தெரியாது."

"வண்டி ஓட்ட?"

"தெரியாது."

"பின்ன எதை வச்சு உதவப் போறீங்க?"

"பக்கத்துல இருப்பேன். எழுதுவேன்."

"இவ்வளவு நேரமா அதைத்தானே செஞ்சீங்க?" என்று கன்னத்தைத் தொட்டுக் காட்டினாள்.

7

காலையில் முகாம் வாசலில் லாரிகள் வரிசையாக உறுமிக்கொண்டிருந்தன. கொட்டகைகள் பிரிக்கப்பட்டுவிட்டன. ஜெனரேட்டர் கடைசி லாரியில் ஏறிவிட்டது. கனமான சாமான் என்பதால் பல் நாற்காலி மட்டும் கடைசியாக ஏற்றுவதற்கு வாசலுக்கு வெளியே, நடுரோட்டில் நின்றது.

கண்டக்டர் கூட்டத்தின் முன்னால் வந்து, கோஷம் போட வாயைத் திறந்தாள்.

பல் கேப்டன் முகங்களை மறந்துவிடுவார். பற்களை மறந்ததில்லை. திறந்த வாயில் தன் பாதி வேலையைப் பார்த்துவிட்டார். லாரியிலிருந்து குதித்து, ஜெனரேட்டரின் ஒயரை இழுத்துவந்து நாற்காலியில் செருகினார். அதிகாரி ஒருவர் முன் லாரியிலிருந்து கத்தினார். கேப்டன் அவர் பக்கமே திரும்பவில்லை. நாற்காலியைத் தட்டினார்.

"திற."

அவள் நாற்காலியைப் பார்த்தாள். வாசலைப் பார்த்தாள். நாற்காலி வாசலுக்கு வெளியேதான் இருந்தது. போய் உட்கார்ந்தாள்.

லாரியையும் அவளையும் ஓர் ஒயர் கட்டிப் போட்டிருந்தது. அதைக் கழற்றாமல் எதுவும் நகராது. நாற்காலிக்குப் பின்னால் பார்பர் வந்து நின்றார். "அவர் முடிக்கட்டும்க்கா. அடுத்தது நான்." அவருக்குப் பின்னால் இன்னொருவர். எதிர்ப்புக் கூட்டத்தில் பாதி வரிசையாக மாறிக்கொண்டிருந்தது.

"கோஷம்! கோஷம்!" என்று அந்தப் பக்கமிருந்து தபால்காரர் துடித்தார். "இத்தனை பல்லும் முடியுறதுக்குள்ள மறுபடியும் கொட்டாய் போட்டுடுவான்ம்மா! போகச் சொல்லு!"

டிரைவர் கூட்டத்தில் எங்கோ நின்று, பழக்கதோஷத்தில் அவள் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். அங்கே பித்தளை விசில் இருந்தது. லாரிக்காரர்களும் அதைத்தான் பார்த்தார்கள்.

"வலிக்குதா?" என்றார் கேப்டன்.

அவர் இன்னும் வாய்க்குள் எதையும் வைக்கவில்லை. பிறகு ஏன் கேட்டார்? ஒருவேளை அவரிடம் இருந்த நான்கு சொற்களில் இந்த நேரத்துக்குப் பொருந்துவது அது ஒன்றுதானோ என்னவோ. (இங்கே ஒரு பத்தி விளக்கம் எழுதலாம். எழுதவில்லை.)

 விசிலை உதட்டருகே கொண்டுபோன கண்டக்டர், என்னைப் பார்த்து நிறுத்தினாள்.

"உங்க ஸ்டாப் வந்துடுச்சு. இறங்குங்க."

"முடிவு?"

"நான் பாத்துக்கறேன். முதல்ல நீங்க இறங்குங்க."

"படிக்கிறவங்க இருக்காங்களே?"

அவள் உங்களை ஒரு தரம் மேலும் கீழும் பார்த்தாள். "அவங்க இருக்கட்டும். டிக்கெட் எடுத்தவங்க."

நான் நடந்தேன். திரும்பிப் பார்க்கவில்லை. தெருமுனைக்கு வந்தபோது பின்னால் ஒரு விசில் கேட்டது. நீளமான, உறுதியான விசில். அதன் முடிவில் மூச்சை இழுக்கும் சத்தம். வலித்ததால் இழுத்தாளா, இன்னொன்று ஊதுவதற்காக இழுத்தாளா என்று தெரியவில்லை. என்ஜின்களின் உறுமல் வேறு. அதற்குள் நான் முனை திரும்பிவிட்டேன்.

நீங்கள் இன்னும் அங்கேதான் இருக்கிறீர்கள். இரண்டாவது கேட்டதா?