எட்டு கிலோ இருநூறு கிராம்

2018ஆம் ஆண்டு மே மாதம் பதினெட்டாம் தேதி காலையிலிருந்து வெள்ளேரியில் எந்தப் பெரியவராலும் எந்தக் குழந்தையையும் தூக்க முடியவில்லை. அன்று வெள்ளிக்கிழமை. இதை முதலில் தெரிந்துகொண்டவள் அம்சவள்ளி. தூளியில் கிடந்த ஒன்பது மாதப் பிள்ளை அஜித்தை எடுக்கக் குனிந்தாள், பிள்ளை வரவில்லை. தூளி ஆடியது, பிள்ளை சிரித்தது, கால்களை உதைத்துக்கொண்டது. அக்குளில் கைகொடுத்துத் தூக்கியபோது மட்டும் ஒரு விரல்கடைகூட மேலே எழும்பவில்லை. அவள் கணவன் கண்ணாயிரம் வந்து பார்த்தான். அவன் நெல் மூட்டையைத் தனி ஆளாக டிராக்டரில் ஏற்றுகிறவன். அவனாலும் ஆகவில்லை. கடைசியில் தூளியின் முடிச்சைத் தளர்த்திப் பிள்ளையைத் தரையில் இறக்கினார்கள். இறங்குவதில் எந்தச் சிக்கலும் இல்லை. எட்டு மணிக்குள் மற்ற வீடுகளிலிருந்தும் இதே செய்தி வந்தது. ஊரில் தூக்குகிற வயதில் முப்பத்தொரு குழந்தைகள் இருந்தார்கள். முப்பத்தொருவரும் அப்படித்தான்.

மதியம் தடுப்பூசி போட வந்த நர்ஸ், அஜித்தை ஒரு கையால் அள்ளித் தராசில் மாட்டினார். எட்டு கிலோ இருநூறு கிராம். போன மாத அட்டையைவிட முந்நூறு கிராம் கூடுதல், அந்த வயதுக்குச் சரியான எடை. "இன்னாங்க, ஊரே சேர்ந்து என்கிட்ட வெளையாடுறீங்களா?" என்று கேட்டார். பிறகு அவர் கண்ணெதிரிலேயே நாலு ஆண்கள் ஒரு ஜமுக்காளத்தின் நாலு முனைகளையும் பிடித்துத் தூக்கினார்கள். ஜமுக்காளம் கிழிந்தது. நர்ஸ் வெளியூர்க்காரர், அதனால் அவரால் தூக்க முடிகிறது என்பது அப்போது யாருக்கும் தோன்றவில்லை. அவர் ஊசியில் எதையோ கலந்துவிட்டார் என்றுதான் தோன்றியது. அடுத்த மாதம் அவர் வந்தபோது நாலு வீடுகள் கதவைத் திறக்கவில்லை.

பிள்ளைகள் கனத்துப்போனதற்கு முந்தின நாள் நடந்தது இது. அந்த மாதம் ஊரில் எல்லோருடைய செல்போனிலும் பிள்ளை பிடிக்கிறவர்களைப் பற்றிய வாட்ஸ்அப் செய்தி ஓடிக்கொண்டிருந்தது. இருநூறு பேர் இறங்கியிருக்கிறார்கள், பிஸ்கட் கொடுத்து மயக்குகிறார்கள், கம்பளி விற்பதுபோல் வருவார்கள் என்றெல்லாம் அதில் இருந்தது. வியாழக்கிழமை மாலை நாலு மணிக்கு அம்சவள்ளியின் மூத்த பெண் தனுஷா, ஏழு வயது, வேப்பங்கொட்டை பொறுக்க ஏரிக்குப் போனவள் உடைந்த பாட்டிலை மிதித்துவிட்டாள். நைனார்பாளையத்தில் ஒரு கடைக்குத் தேனும் கடுக்காயும் கொடுத்துவிட்டு அந்த வழியாக வந்த மாயவன் என்கிற கல்வராயன் மலைக்காரன், தன் துண்டைக் கிழித்து அவள் காலில் கட்டி, அவளை இடுப்பில் வைத்துக்கொண்டு ஊருக்குள் வந்தான். அவள்தான் வழி காட்டினாள். தண்ணீர்த் தொட்டி வரைக்கும் அவர்களை யாரும் பார்க்கவில்லை. தொட்டியடியில் பதினைந்து பேர் இருந்தார்கள், கொஞ்ச நேரத்தில் எழுபது பேர் ஆனார்கள்.

"எந்த ஊருடா நீ?" என்று கேட்டார்கள். வெள்ளிமலைக்குப் பக்கம் என்றான். "மலைக்காரனுக்கு இங்க இன்னா வேல? சாராயமா? பையைத் தொற." பையில் ஒரு கத்தி, மிச்சக் கடுக்காய், ஒரு ஜோடி சின்ன வளையல், ஒரு பிஸ்கட் பாக்கெட் இருந்தன. பாக்கெட் பிரிந்திருந்தது, இரண்டு பிஸ்கட் குறைந்தது. வளையல் யாருக்கு என்று அவன் சொல்ல வாயெடுத்ததை, கூட்டத்தில் யாரோ செல்போனில் எடுத்த வீடியோவில் பார்க்க முடிகிறது. சொன்னது கேட்கவில்லை. கண்ணாயிரம் மாட்டுக்கயிறு எடுத்துக்கொண்டு வந்தான். தொட்டியின் தூணில் கட்டி முக்கால் மணி நேரம் அடித்தார்கள். தனுஷா ஒற்றைக் காலில் நின்று, "அந்த மாமாதாம்மா தூக்கினு வந்தாரு, நான்தான் தூக்கச் சொன்னேன்" என்று அம்மாவிடம் மூன்று முறை சொன்னாள். மூன்றாவது முறை அம்சவள்ளி அவள் வாயைப் பொத்தினாள். போலீஸ் வந்து மாயவனை ஆஸ்பத்திரிக்கும் அங்கிருந்து சிறைக்கும் கொண்டுபோனது. குழந்தையைக் கடத்த முயன்றான் என்று அவன் மேல் வழக்கு. அடித்தவர்கள் மேல் வழக்கு இல்லை. கூட்டத்தில் யார் யார் என்று அடையாளம் தெரியவில்லை என்று ஊரே சொன்னது.

குழந்தைகள் கனத்துப்போனதற்கும் இதற்கும் தொடர்பு உண்டு என்பதை ஊர் ஒரு வாரத்தில் ஒப்புக்கொண்டது; ஆனால் வேறு மாதிரி ஒப்புக்கொண்டது. மலைக்காரர்கள் செய்வினை வைத்துவிட்டார்கள் என்றார்கள். எடுக்க ஆள் தேடினார்கள். எடுக்கத் தெரிந்தவனும் மலையிலிருந்துதான் வரவேண்டும் என்று தெரிந்ததும் விட்டுவிட்டார்கள். லாரி ஓட்டுகிற தீனதயாளன், மாயவனை அடித்த அன்று பாலக்காட்டில் இருந்தான். திரும்பி வந்தவன் தன் பிள்ளையை வழக்கம்போல் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டான். ஊரே வாசலில் நின்று பார்த்தது. மூன்று வாரம் எல்லோர் வீட்டிலும் அவனைக் கூப்பிட்டார்கள். குழந்தைகளைக் குளிக்கிற தொட்டியில் உட்காரவைத்தான், ஆட்டோவில் ஏற்றினான், பேர் வைக்கிற இரண்டு விசேஷங்களில் பிள்ளையைத் தாத்தா மடியில் வைத்தான். ஒருநாள் டீக்கடையில், "நான் ஊர்ல இருந்திருந்தா நானும் நாலு போட்டிருப்பேன்" என்றான். கிளாஸை வைத்துவிட்டுப் பெஞ்சுப் பக்கம் நின்ற தன் பிள்ளையைத் தூக்கப் போனான். முடியவில்லை. டீக்கடைக்காரர், "வாய வச்சிக்கினு சும்மா இருந்திருக்கலாமில்ல" என்றார். அதற்குமேல் யாரும் எதையும் விளக்கவில்லை.

அம்சவள்ளி அஜித்துக்குப் படுத்துக்கொண்டு பால் கொடுத்தாள். குளிப்பாட்ட வெந்நீர் அண்டாவைப் பிள்ளை இருக்கிற இடத்துக்கு நகர்த்தினாள். அழுதால் பக்கத்தில் குப்புறப் படுத்து முகத்தோடு முகம் வைத்துக்கொண்டாள். அவளுக்குக் காரணம் தெரியும். தன் உள்ளங்கையில் தனுஷாவின் பல் பட்ட இடம் அவளுக்குத் தெரியும். தனுஷா அன்றைக்குப் பிறகு அந்தப் பேச்சை எடுக்கவில்லை. ஆனால் அம்மா தலைவார உட்காரவைத்தால், அம்மாவின் கை முகத்துக்குப் பக்கத்தில் வரும்போதெல்லாம் தலையைச் சற்றுப் பின்னால் இழுத்துக்கொண்டாள். அஜித் எட்டு வைத்து நடந்தான், ஓடினான், பேசினான். தூங்கிவிட்டால் எழுப்பித்தான் நடத்திக் கூட்டிவர வேண்டும். கண்ணாயிரம் சில சமயம் பிள்ளை முன்னால் கையை நீட்டுவான். நீட்டிவிட்டு மூக்கைத் துடைத்துக்கொள்வான்.

வழக்கு 2020 ஜனவரியில் கள்ளக்குறிச்சியில் விசாரணைக்கு வந்தது. மாயவன் பக்கம் சங்கராபுரத்து ரீத்தா என்கிற இலவச சட்ட உதவி வக்கீல் இருந்தார். வெள்ளேரியிலிருந்து இரண்டு வேன் நிறைய ஆட்கள் வந்தார்கள். ரீத்தா யாரிடம் எவ்வளவு வாங்கினார், மலைக்காரர்கள் தேனாகக் கொடுத்தார்களா சாராயமாகக் கொடுத்தார்களா என்று வேனில் பேசிக்கொண்டார்கள். அதற்கு முந்தின பத்து நாளும் கண்ணாயிரம் தனுஷாவைச் சுவர் ஓரம் நிற்கவைத்துக் கேட்டிருந்தான். "இன்னா குடுத்தான்?" "பிஸ்கட்." "குடுத்துட்டு?" "தூக்கினான்." "தூக்கினார்னு சொல்லாத, தூக்கினான்னு சொல்லு." "தூக்கினான்னுதாம்ப்பா சொன்னேன்." அவள் மனப்பாடம் செய்துவிட்டாள். பொய்யாகச் சொல்லிவிட்டால் அந்த ஆளுக்கு என்ன ஆகும் என்று அவள் அம்மாவிடம் மட்டும் கேட்டாள். ஏழு வருஷம் என்றாள் அம்சவள்ளி. அன்றைக்குத் தன் வயசும் அதுதான், என்றாள் தனுஷா.

கண்ணாயிரம் முதல் சாட்சி. அவன் எல்லாவற்றையும் சொன்னபடி சொன்னான். அம்சவள்ளி இரண்டாம் சாட்சி. கூண்டில் ஏறும்போது அஜித்தை வெளியே வராந்தாவில், சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்கும்படி விட்டுவிட்டு வந்தாள். அரசுத் தரப்பு வக்கீல் அவளிடம் குழந்தை என்ன சொன்னது என்று கேட்டார். "எம் பொண்ணு அன்னிக்கே சொல்லிச்சிங்க. கால்ல ரத்தம் வந்துச்சி, நான்தான் தூக்கச் சொன்னேன்னு. நான் வாயப் பொத்திட்டேன்" என்றாள். வக்கீல் கேள்வியை மாற்றிக் கேட்டார். "அவரு தூக்கினு வந்தாருங்க. நாங்க அடிச்சோம். எங்க வூட்டுக்காரருதான் கயிறு எடுத்தாந்தாரு. நான் பக்கத்துல நின்னுக்கினு இருந்தேன்." பின்வரிசையில் யாரோ எழுந்து வெளியே போனார்கள். அடுத்துத் தனுஷா ஏறினாள். நீதிபதி அவளை நாற்காலியில் உட்காரச் சொன்னார். தனுஷா மனப்பாடம் செய்ததைச் சொல்லவில்லை. துண்டு நீலக் கலர் என்றும், அதைக் கிழிக்கும்போது அந்த மாமா பல்லால் கடித்துக் கிழித்தார் என்றும், பிஸ்கட் தனக்குக் கொடுக்கவே இல்லை, கேட்டதற்கு வீட்டில் பாப்பாவுக்கு என்று சொல்லிவிட்டார் என்றும் சொன்னாள். பிஸ்கட்டைப் பற்றிச் சொன்னபோது மட்டும் குரலில் கொஞ்சம் மனக்குறை இருந்தது. இரண்டு மாதம் கழித்துத் தீர்ப்பு வந்தது. அன்று வாங்கிய அடியில் மாயவனுக்கு இடது காது கேட்காமல் போயிருந்தது. ரீத்தா வலது பக்கம் வந்து விடுதலை என்று சொன்னார். "போலாமா?" என்று கேட்டான். அதற்குப் பிறகு அவன் மலையை விட்டு இறங்கவில்லை. கடுக்காயை வேறு ஆள் கொண்டுவருகிறான்.

சாட்சி சொன்ன அன்று மாலை வேனில் அம்சவள்ளியை ஏற்றவில்லை. அவள் இரண்டு பிள்ளைகளோடும் பஸ்ஸில் வந்தாள். அஜித் மடியோரம் சாய்ந்து தூங்கியிருந்தான். நிறுத்தம் வந்ததும் கண்டக்டர் விசில் கொடுக்க, அவள் யோசிக்காமல் குனிந்து பிள்ளையை அள்ளித் தோளில் போட்டுக்கொண்டு இறங்கினாள். இரண்டடி நடந்த பிறகுதான் நின்றாள். பிள்ளையின் வாயிலிருந்து எச்சில் அவள் கழுத்தில் ஒழுகியது. பதினொரு கிலோ இருக்கலாம் என்று நினைத்தாள். நிறுத்தத்தில் டீ குடித்துக்கொண்டிருந்த அத்தனை பேரும் பார்த்தார்கள். தனுஷா அம்மாவின் இன்னொரு கையைப் பிடித்துக்கொண்டாள்.

ஆக, என்ன செய்தால் தூக்க முடியும் என்பது அன்றிலிருந்து வெள்ளேரிக்குத் தெரியும். செய்ததை வெளியே வாய்விட்டுச் சொல்ல வேண்டும், அவ்வளவுதான். ஒருவரும் சொல்லவில்லை. சொன்னால் வழக்கு வரும், வழக்கு வந்தால் அரசு வேலை கிடைக்காது, பாஸ்போர்ட் கிடைக்காது என்றார்கள். ஒருவன் சொன்னால் மற்றவனையும் காட்டிக்கொடுப்பான் என்று எல்லோரும் எல்லோரையும் கவனித்தார்கள். யாராவது குழந்தையைத் தூக்கிவிட்டால் அவன் எங்கேயோ போய்ச் சொல்லிவிட்டான் என்று அர்த்தம். ஆகையால் முயற்சி செய்து பார்ப்பதையும் நிறுத்திக்கொண்டார்கள். அம்சவள்ளி கேட்டால் எந்த வீட்டுப் பிள்ளையையும் தூக்கிக் கொடுத்திருப்பாள். யாரும் கேட்கவில்லை. மலைக்காரர்களிடம் என்ன மருந்து வாங்கினாள் என்றுதான் பேசினார்கள். பஞ்சாயத்தில் வெளியாள் வைக்கலாம் என்று பேச்சு வந்தது. வெயிலிலும் தூசியிலும் நாளெல்லாம் பிள்ளை சுமக்கச் சுற்றுவட்டாரத்தில் யாரும் வர ஒப்பவில்லை, மலையிலிருந்து ஒருத்தி வருகிறாள் என்று தெரிந்தது. பிறகு ஒருவர் சொன்னார்: "வெளியாளுன்னா பையைத் தொறந்து பாக்கலாம். அம்சவள்ளிய இன்னாத்த தொறந்து பாக்கறது?" அதோடு முடிவானது.

இப்போது அந்த மலைக்காரி கண்ணகி வெள்ளிமலையிலிருந்து முதல் பஸ்ஸில் கள்ளக்குறிச்சி வந்து, அங்கே மாறி ஒன்பது மணிக்கு வெள்ளேரியில் இறங்குகிறாள். ஐந்தாவது வருஷம் இது. வீடு வீடாகப் போய்க் குழந்தைகளைக் குளிக்க எடுத்துவிடுகிறாள், தூளியில் போடுகிறாள், சாமி கும்பிடத் தூக்கிக் காட்டுகிறாள், ஊசி போடும் நாளில் வரிசையாக எடுத்துக் கொடுக்கிறாள். அவள் இல்லாத நேரத்தில் குழந்தைகள் தரையில் இருக்கிறார்கள். ஊரில் யாரும் கட்டிலில் படுப்பதில்லை. வாசற்படிகளைச் சரிவாகப் பூசிவிட்டார்கள். வெள்ளேரிப் பிள்ளைகள் ஒன்பதாம் மாதமே நடக்கின்றன என்று பக்கத்து ஊர்களில் பெருமையாகச் சொல்கிறார்கள். கண்ணகிக்கு இரண்டு நிபந்தனைகள் உண்டு. பிஸ்கட் கொண்டுவரக் கூடாது. நாலரை மணி பஸ் ஏறும் முன் பையைக் காட்ட வேண்டும்.

பையை முறை வைத்துப் பார்க்கிறார்கள். இந்த வாரம் ஜெயசுதாவின் முறை. அவள் பிள்ளைக்கு எட்டு மாதம். "இன்னாக்கா, பை இன்னிக்கு ஜாஸ்தியா கனக்குது?" என்று கேட்டாள். "சோத்து டப்பா கழுவல. தண்ணி கம்மியா வந்துச்சி" என்றாள் கண்ணகி. ஜெயசுதா டப்பாவைத் திறந்து பார்த்தாள், சீப்பை எடுத்தாள், மடித்த புடவையை உதறினாள், பையின் உள் பக்கத்தைத் திருப்பி அடியில் கைவிட்டுத் தடவினாள். ஒன்றும் இல்லை. ஐந்து வருஷத்தில் ஒருநாளும் ஒன்றும் இருந்ததில்லை. அவள் பார்த்து முடிக்கிற வரைக்கும் பிள்ளை கண்ணகியின் இடுப்பில் உட்கார்ந்து அவள் தாலிக்கயிற்றை வாயில் வைத்துச் சப்பிக்கொண்டிருந்தது. வாங்கி வைத்துக்கொள்ள அங்கே நின்ற வேறு யாராலும் முடியாது.