மாமனுக்கு முன்னால் வைத்த சேலை

சனிக்கிழமை காலை பத்து மணிக்குப் பரீட்சை. வியாழக்கிழமை மதியம் ஆகியும் தமிழ்வாணியை வீட்டை விட்டு வெளியே விடுவதாகக் காணோம்.

சர்வினுக்கு இருப்புக் கொள்ளவில்லை. மலேசியாவில் ஈப்போ அவன் ஊர். கல்லூரிப் படிப்பில் மூன்று மாதம் வெளிநாட்டுப் பயிற்சி என்று ஒரு கட்டாயம் இருக்க, அதை முடிக்க மதுரைக்கு வந்திருந்தான். ஆனையூரில், தகப்பன் இல்லாத பிள்ளைகளுக்கும் கூலி வீட்டுப் பிள்ளைகளுக்கும் மாலையில் இலவசமாகப் பாடம் சொல்லித்தரும் ஒரு சின்ன நிறுவனம். எட்டாம் வகுப்புத் தமிழ்வாணிக்குக் கணக்குச் சொல்லிக்கொடுக்க ஆரம்பித்த நாளிலிருந்து பயிற்சிச் சான்றிதழ் அவனுக்கு மறந்தே போனது. அந்தப் பெண் இந்த உதவித்தொகைப் பரீட்சையில் தேறினால் பன்னிரண்டாவது வரை படிப்பு நிற்காது. தேறாவிட்டால், அம்மா கனகாவோடு கப்பலூர் கம்பெனியில் அட்டைப் பெட்டி ஒட்டப் போக வேண்டியதுதான்.

பன்னிரண்டு நாளைக்கு முன் அவள் பெரியவளானாள். ஞாயிற்றுக்கிழமை சடங்கு. தாய்மாமன் சீர் இறக்கி, தலைக்குத் தண்ணீர் ஊற்றும்வரை அவள் வாசல் தாண்டக் கூடாது.

"நான் ரெண்டு தடவ கேட்டுப் பாத்துட்டேன் தம்பி" என்றார் நிறுவனத்தை நடத்தும் சுந்தரம்மாள். "கனகா கையில ஒண்ணும் இல்ல. அவ தம்பி பாண்டிராஜ் வச்சதுதான் அங்க சட்டம். நாளைக்கு மறுபடி போறேன். நீ சும்மா இரு."

அவன் சும்மா இருக்கவில்லை. ஈப்போவில் சித்தப்பா மகள் சடங்கில், வந்தவர்கள் எல்லோரும் ஆளுக்கொரு தட்டைத் தூக்கிக்கொண்டு வந்தது நினைவிருந்தது. வெறுங்கையோடு போய்க் கேட்பது மரியாதையில்லை என்று, அரக்கு நிறத்தில் ஒரு சேலை, கண்ணாடி வளையல், பூ, பழம் எல்லாம் வாங்கித் தட்டில் அடுக்கிக்கொண்டு கிளம்பினான்.

ஒரே அறை கொண்ட வீடு. மூலையில் ஓலைத் தட்டி மறைத்திருந்தது. அதன் பின்னால்தான் தமிழ்வாணி.

"வாங்க சார்" என்று சிரித்த கனகா, அவன் தட்டியின் முன்னால் தட்டை இறக்கியதும் உறைந்துபோனாள்.

பக்கத்து வீட்டு ஒச்சம்மாள் வாயில் கைவைத்தாள். "அடியாத்தீ! மாமன் சேலை வாரதுக்கு முன்னாடி இவரு வச்சுட்டாரே!"

அந்த நேரம் பார்த்தா பாண்டிராஜ் வர வேண்டும்? அலங்காநல்லூர்ப் பக்கம் லோடு வேன் ஓட்டுகிறவன். கையில் சடங்கு பேனர். அதில் மருமகள் முகத்தைவிட மாமன் முகம்தான் பெரிதாக இருந்தது.

"யாரு வச்ச சேலை?"

"நான்தான் அண்ணே. பரீட்சைக்கு..."

"எம் மருமகளுக்கு மொதச் சேலைய நீ வச்சுப்புட்டு என்னைய அண்ணேங்கிறியா? அப்ப நான் யாரு? பந்தியில எலை எடுக்க வந்தவனா?"

"தெரியாமச் செஞ்சுட்டாருடா. வெளிநாட்டுப் புள்ள" என்றாள் கனகா.

"ஏன்க்கா, வெளிநாட்டுல மாமனே கெடையாதா?"

சர்வின் குனிந்து தட்டை எடுக்கப் போனான். ஒச்சம்மாள் தடுத்தாள். "பூவோட வச்சதத் திருப்பி எடுக்காதப்பா. புள்ளைக்கு ஆகாது."

"பரிச்சையும் வேணாம், டியூசனும் வேணாம்! இன்னையோட முடிஞ்சுச்சு!" பாண்டிராஜின் குரல் தெருவரை போயிற்று.

தன் கையாலேயே எல்லாவற்றையும் கெடுத்துவிட்டோம் என்று சர்வினுக்குப் புரிந்தது. அப்போதுதான் தட்டிக்குப் பின்னாலிருந்து மெல்லிய குரல் வந்தது.

"மாமா, நான் அதத் தொடல. நீங்க கொண்டாரதத்தான் கட்டுவேன். ஆனா ஞாயித்துக்கிழமை வரைக்கும் அந்தச் சேலை இங்கயே கெடந்தா, ஊரு உங்களைத்தான பேசும்?"

பாண்டிராஜ் தட்டிப் பக்கம் திரும்பினான்.

"நாளைக்கே தண்ணி ஊத்திருங்க மாமா."

"வெள்ளிக்கிழமை. நல்ல நாளுதேன்" என்றாள் ஒச்சம்மாள்.

"பேனர்ல ஞாயிறுன்னு அடிச்சிருக்கே!"

"சோறு ஞாயித்துக்கிழமை போடு. சீர நாளைக்கு எறக்கு. பேனர் என்ன வந்து சாட்சியா சொல்லப் போகுது?"

பாண்டிராஜ் பேனரைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்தான். பிறகு அக்காவிடம் திரும்பினான். "விடியக்காலம் சீரோட வாரேன். இந்தச் சேலைய அம்மன் கோயிலுக்குக் குடுத்துரு. சனிக்கிழமை நானே வண்டியில பரிச்சைக்குக் கூட்டிட்டுப் போறேன். ஆனா ஒண்ணு. இவரு இனி இந்தத் தெருவுல கால் வைக்கக் கூடாது. இவரு இருக்கிற டியூசனுக்கு எம் மருமக வரமாட்டா."

சர்வின் தட்டியைப் பார்த்தான். "சரிண்ணே" என்று சொல்லிவிட்டு வெளியேறினான்.

நடந்ததைக் கேட்டுச் சுந்தரம்மாள் திட்டவில்லை. "இன்னும் அஞ்சு வாரம் இருக்கு உனக்கு. கப்பலூர்ல நம்ம இன்னொரு டியூசன் நடக்குது. அங்க போயிரு."

"அவகிட்ட ஒரு வார்த்தை சொல்லிட்டு..."

"சொல்லாத. அந்த ஆளு காதுக்குப் போச்சுன்னா அவ படிப்புதான் போகும்."

சனிக்கிழமை அவன் கப்பலூரில், பெயர் தெரியாத பதினாறு பிள்ளைகளுக்கு முன்னால் நின்றான். பத்து மணி ஆனதும் பாடம் நடுவே நின்றுபோயிற்று. ஒரு சிறுமி, "சார், அடுத்தது என்ன?" என்று கேட்ட பிறகே தொடர்ந்தான்.

மதியம் சுந்தரம்மாளிடமிருந்து போன் வந்தது. "எழுதிட்டா. நல்லா எழுதியிருக்காளாம். பாண்டிராஜ் பரிச்சை முடியுறவரைக்கும் கேட்டுலயே நின்னாராம்."

"டீச்சர்..." அவன் தயங்கினான். "என்னைப் பத்தி ஏதாவது கேட்டாளா?"

"மாமன் பக்கத்துல நிக்கிறப்ப எப்படிப்பா கேப்பா?" என்றார் சுந்தரம்மாள். "அவ கெட்டிக்காரி. இனியும் கேக்க மாட்டா."