பதினான்காம் மனையின் பெருக்கு

ஒஸ்லோவின் புருசெத்தில், நான்காம் மாடியில் வசிக்கும் சத்தியபாமாவின் வரவேற்பறைக்குள் பெப்ரவரி மாதத்திலிருந்து நாளுக்கு இரண்டு தடவை கடல் வந்து போனது. கதவுப்படியோடு நின்றுவிடும்; மூன்றாம் மாடிக்கு ஒரு சொட்டும் ஒழுகாது. கடல் வந்ததல்ல, எத்தனை மணிக்கு வரும் என்பதே அவருக்குப் பிடிபடவில்லை. நொர்வேயின் வடகோடித் துறைமுகமான பாட்ஸ்பியோர்ட்டில் ஒன்பது வருடம் மீன் வெட்டியவர். ஆகவே அந்தத் துறைமுகத்தின் வற்றுப்பெருக்கு அட்டவணையைச் சுவரில் ஒட்டி, அதன்படி கம்பளத்தைச் சுருட்டி வைத்தார். மூன்று கம்பளங்கள் நனைந்து போயின.

குடியிருப்புச் சங்கத் தலைவர் மார்க்கஸ் கடிதம் அனுப்பினார். விதிப்படி வீட்டின் தரை உலர்ந்திருக்க வேண்டும். ஜூன் முப்பதுக்குள் உலராவிட்டால் வீட்டை விற்றுவிட வேண்டும்.

"கடலுக்குக் கடிதம் போடச் சொல்லுங்கோ. நான் இஞ்சையிருந்து அசையமாட்டன்," என்றார் சத்தியபாமா, மேல்மாடி ஆதித்யாவிடம்.

ஆதித்யா நாகர்கோவில்காரன், கடலாய்வு நிலையமொன்றில் வேலை. மூன்று நாள் மணிக்கொரு தடவை சுவரில் சோக்கால் கோடு போட்டான். பிறகு சொன்னான்: "அக்கா, ஒரு தடவை முழங்கால் வரைக்கும் வருது, அடுத்த தடவை கணுக்காலோட போயிடுது. ஒஸ்லோ கடல் இவ்வளவு ஏறவே ஏறாது. பாட்ஸ்பியோர்ட்ல ரெண்டும் கிட்டத்தட்ட ஒரே உயரம். பெரிசு ஒண்ணு, சின்னது ஒண்ணுன்னா அது அமெரிக்காவோட மேற்குக் கரை."

"அப்ப இவ்வளவு நாளும் வேறை ஊர்க் கடலின்ரை நேரத்தையே பாத்துக்கொண்டு இருந்தனான்? நல்லாத்தான் இருக்கு."

அடுத்த பெருக்கு ஒரு பலகையைக் கொண்டுவந்தது. அதில் 'போர்ட் மெரிடித், மனை 14' என்று சூட்டுக்கோலால் எழுதியிருந்தது. பழைய ஆவணங்களில் ஆதித்யா அந்த ஊரைக் கண்டுபிடித்தான். 1853இல், கரையிறங்கும் முன்பே கப்பலில் இருந்தபடி வரைபடம் வரைந்து மனை விற்றிருக்கிறார்கள். கரையோர மனைகள் பதினான்கும் கடலுக்குள். மரக்கால் நட்டு, பெருக்குக்கு மேலே பலகை போட்டவருக்கே மனை சொந்தம் என்பது ஊர் விதி. பதின்மூன்று குடும்பங்கள் சேற்றில் இறங்கி நட்டன. கரை தனக்கே சொந்தமென்று ரயில் கம்பெனி எழும்பச் சொன்னபோது பலகையிலேயே அடுப்பு மூட்டிச் சமைத்தன. ஆலைகளின் மரத்தூளும் கப்பல்கள் கொட்டிய கல்லும் பலகைகளுக்கடியில் நிரம்பி, பத்து வருடத்தில் அது தெருவாகியது. பதினான்கில் மட்டும் யாரும் நடவில்லை.

"அவையள் எழும்பேல்லைத்தானே? அப்ப நான் மட்டும் ஏன்?" என்றார் சத்தியபாமா.

பக்கத்து எல்லிங்ஸ்ருட்டில் ஒரு கடையில் பைன் மரக்கால்கள் பதினாறு வாங்கினார். வற்றும் நேரம் பார்த்து இருவரும் நிறுத்தினார்கள். தனியாக நிற்கும் காலை நீர் ஆட்டிவிடும். இரண்டு கால்களுக்கிடையே குறுக்காகச் சட்டம் அடித்தால் முக்கோணமாகி அசையாது. எல்லாவற்றுக்கும் அப்படி அடித்து, மேலே பலகை பரப்பி, சோபாவை ஏற்றினார்கள்.

ஜூன் முப்பது, பெரிய பெருக்கின் நேரத்தில் மார்க்கஸ் வந்தார். பலகைத் தளத்துக்கு மூன்று படி ஏறி, மண்டியிட்டு, பலகையில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார். இன்னொரு இடத்திலும் வைத்துப் பார்த்தார். பலகைகளுக்கடியில் ஏதோ மீன் துள்ளியது.

"இதுக்குக் கீழே?" என்று நொர்வேஜிய மொழியில் கேட்டார்.

"கீழை கடல். விதியிலை தரையைப் பற்றித்தானே எழுதியிருக்கு? தேத்தண்ணி ஆறுது, குடியுங்கோ," என்று சத்தியபாமாவும் அதே மொழியில் சொன்னார்.

மார்க்கஸ் குடித்து முடித்து, 'தரை உலர்ந்திருக்கிறது' என்று எழுதிக் கையெழுத்திட்டார். ஆண்டின் மிகப் பெரிய பெருக்கு ஐம்பத்து நான்கு சென்றிமீற்றர். பலகையின் உயரம் அறுபத்திரண்டு.