தரை உள்ள நட்சத்திரம்

மலாக்காவை அடுத்த புக்கிட் காத்தில் என்னும் ஊரின் மண்டபத்தில் நாற்காலிகள் நிரம்பிக்கொண்டிருந்தபோதே, வெளியே கார் நிறுத்துமிடத்தில் ஷாந்தினிக்கும் ஹரிதாஸுக்கும் சண்டை மூண்டுவிட்டது.

இருவரும் ஒன்றாகப் படித்து, மலாக்காவில் ஒரே கல்லூரியில் இயற்பியல் விரிவுரையாளர்களாக ஆனவர்கள். எக்ஸ்-கதிர் செயற்கைக்கோள் ஒன்றின் பதிவுகளைச் சேர்ந்தே ஆராய்ந்துவந்தார்கள். அதில் கண்ணுக்குத் தெரியாத பொருள் ஒன்று பக்கத்து நட்சத்திரத்தின் வாயுவை உறிஞ்சிக்கொண்டிருந்தது. அது கருந்துளைதான் என்று அவளைக் கேட்காமலே ஹரிதாஸ் பத்திரிகைக்குச் சொல்லிவிட்டான். அதற்குத்தான் இன்று பாராட்டுக் கூட்டம்.

“அது கருந்துளை இல்ல, ஹரி. பதிவுல ஒரு வெடிப்பு இருக்கு. சட்டுனு ஏறி மெல்ல அடங்குது. விழுற கேஸ் ஒரு தரையில தேங்கினாதான் இப்படிப் பத்திக்கும். கருந்துளைக்கு ஏது தரை? இது நியூட்ரான் நட்சத்திரம்.”

“சேட்டிலைட் கோளாறு லா.”

“கோளாறுன்னா அடங்க அடங்க சூடு எறங்கிக்கிட்டே வருமா? நீ பாக்கலயா?”

அவன் அவள் முகத்தைப் பார்க்காமல் கார்க் கதவைப் பூட்டினான்.

“பாத்திருக்க,” என்றாள். “பாத்துட்டு அதப் பதிவுலேர்ந்து வெட்டித் தூக்கியிருக்க.”

“ஒரே ஒரு வெடிப்பு. அதுக்காக உள்ள இருக்கிற ஜனத்த வீட்டுக்குப் போகச் சொல்லவா? நீ வாயத் திறந்தா இனிமே என்கூட வேல பாக்க முடியாது.”

“பாக்கப் போறதும் இல்ல.”

கூட்டத்தை ஏற்பாடு செய்தவள் ஹரிதாஸின் அக்கா உஷாராணி. தம்பிக்கு மாலை போட்டபின், “ஹரிக்கு ஒத்தாசையா இருந்த பொண்ணு” என்று ஷாந்தினியைப் பொன்னாடைக்கு அழைத்தாள். ஷாந்தினி பொன்னாடையை விட்டுவிட்டு மைக்கை வாங்கினாள். வெடிப்பு தெரியவில்லை என்பதற்காக ஒன்றைக் கருந்துளை என்று முடிவுகட்ட முடியாது, அப்படி ஒரு வெடிப்பு வந்துவிட்டாலோ அது கருந்துளையே அல்ல, இதில் வந்திருக்கிறது. அவ்வளவுதான் சொன்னாள்.

யாரோ மைக்கை அணைத்தார்கள்.

“நம்ம புள்ள ஒருத்தன் மேல வந்தா ஒனக்குப் பொறுக்கலயா?” உஷாராணி அவள் தோளைப் பிடித்துத் தள்ளினாள். “எறங்கு.”

நாற்காலிகளுக்கு நடுவே அவள் நடந்தபோது யாரும் காலை மடக்கி வழிவிடவில்லை. பின்னால் ஹரிதாஸின் குரல், மீண்டும் உயிர்பெற்ற மைக்கில், இதமாகக் கேட்டது. “மன்னிச்சிருங்க. அவங்களுக்குக் கொஞ்ச நாளா மனசு சரியில்ல.” முன்வரிசை உச்சுக்கொட்டியது. தள்ளியதைவிட அதுதான் அவளுக்கு வலித்தது.

சில மாதம் கழித்து வேறொரு நாட்டுக் குழு அதே பொருளில் மேலும் பல வெடிப்புகளைக் கண்டு, நியூட்ரான் நட்சத்திரம் என்றே ஆய்விதழில் எழுதியது. எந்தச் செய்திப் பத்திரிகையும் அதைப் போடவில்லை. மண்டபத்தில் இருந்தவர்களுக்கு அது இன்றும் ஹரிதாஸின் கருந்துளைதான்.

கல்லூரி நடைவழியில் அவன் அவளை மறித்தான். “இப்ப சந்தோஷமா?”

“இல்ல,” என்றாள். பொய்யில்லை. அவனை விலகிக் கடந்து வகுப்புக்குப் போனாள்.