தாளில் இல்லாத பாடம்

காலாண்டுத் தேர்வில் கணக்குப் பரீட்சையை நான் எழுதவில்லை. கல்வராயன் மலைக்கு மரவள்ளிக் களை வெட்டப் போன அம்மா வழுக்கி விழுந்து காலை உடைத்துக்கொண்டாள். வெள்ளிமலை ஆஸ்பத்திரியில் அவள் பக்கத்தில் இருந்தேன். பள்ளிக்கூடம் எனக்குப் பூஜ்யம் போட்டது.

முப்பத்தைந்தைத் தொடாதவர்கள் என்று பத்தாம் வகுப்பில் ஒன்பது பேரைக் கணக்கு எடுக்கும் ரெஜினா டீச்சர் தனியே பிரித்தார். அதில் நானும் ஒருத்தி. ஆளுக்கொரு தாள் கொடுத்தார். எந்தப் பாடத்தில் எத்தனை மதிப்பெண் தேறும் என்று அவரே கட்டம் போட்டு எழுதியிருந்தார். வடிவியல் வரைவது எட்டு, வரைபடம் எட்டு, புத்தகத்தின் ஒரு மதிப்பெண் கேள்விகளில் பத்து, உறவுகளும் சார்புகளும் பத்து, புள்ளியியலும் நிகழ்தகவும் பத்து, அளவியல் ஐந்து. கூட்டினால் ஐம்பத்தொன்று. பதினாறைக் கோட்டை விட்டாலும் பாஸ்.

முக்கோணவியல் அதில் இல்லை. ஒரு மலையின் உயரத்தை ஏறாமலே கண்டுபிடிக்கலாம் என்று அந்தப் பாடத்தில் போட்டிருந்தது. எனக்கு சர்வேயராக வேண்டும் என்று ஆசை.

"டீச்சர், நான் பரீட்சையே எழுதலைங்க. எனக்குக் கணக்கு நல்லா வரும்ங்க."

"தெரியும் எழில்மதி. அரையாண்டு வரைக்கும் இரு, மாத்திடறேன். பதினொன்னாவதுல கணக்கு குரூப்பு நான் வாங்கித் தரேன்."

நம்பினேன். எனக்கு ரெஜினா டீச்சர் என்றால் உயிர்.

மற்றவர்கள் வகுப்பில் முக்கோணவியல் படித்தார்கள். நாங்கள் புங்க மரத்தடியில் உட்கார்ந்தோம். முதல் வாரம் டீச்சர் நடத்தினார். அடுத்த வாரம் சாக்பீஸ் என் கைக்கு வந்துவிட்டது. ஆகாஷுக்குக் காம்பஸ் பிடிக்கவே வராது. தமிழழகன் புள்ளி வைக்கச் சொன்னால் பூ போடுவான். அவர்களோடு மாரடித்தே எனக்கு நாள் போனது. அரையாண்டு முடிந்ததும் போய்க் கேட்டேன்.

"இப்ப போய் மாத்தினா ரெண்டுங்கெட்டானா ஆயிடுவடி. இதுவே போதும்" என்றார்.

பொதுத் தேர்வில் ஒன்பது பேரும் பாஸ். பள்ளிக்கூடம் நூற்றுக்கு நூறு. டீச்சருக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். கை வலிக்கத் தட்டினேன், மடச்சி. என் மதிப்பெண் ஐம்பத்து நான்கு. ஐம்பத்தொன்று தாளில் இருந்தது. மூன்று குருட்டாம்போக்கில் கிடைத்தது.

பதினொன்றாம் வகுப்புச் சேர்க்கைக்கு தெய்வசிகாமணி சார் உட்கார்ந்திருந்தார்.

"கணக்கு குரூப்புக்கு அறுபது வேணுமேம்மா" என்றவர், என் பெயரைப் பார்த்ததும் சிரித்தார். "அட, மரத்தடி வாத்தியாரம்மா நீதானா? 'எழில்மதிய விட்டா அந்தக் கூட்டத்துல ரெண்டு பேரு கூட தேறாது, அதான் விடல'ன்னு உங்க டீச்சர் அப்பவே சொல்லிக்கினு இருந்தாங்க. கெட்டிக்காரி!"

பாராட்டாகத்தான் சொன்னார். கணக்கு தெரியாதவள் என்று நினைத்து உட்கார வைத்திருந்தால்கூட மன்னித்திருப்பேன். தெரிந்தவள் என்பதாலேயே உட்கார வைத்திருக்கிறார்.

நேரே ஆசிரியர் அறைக்குப் போனேன். நான் வாய் திறக்குமுன் டீச்சர் ஒரு பட்டியலை நீட்டினார்.

"உன்னத்தான் தேடிக்கினு இருந்தேன். இந்த வருஷம் பதினோரு பேரு. சனிக்கிழமைல வந்து சொல்லிக் குடுடி."

பட்டியலில் முதல் பெயர் இசைவாணி. ஒன்பதாம் வகுப்பில் கணக்கில் அவளை மிஞ்ச ஆள் கிடையாது. அம்மை போட்டதால் ஆண்டுத் தேர்வு மட்டும் எழுதவில்லை.

"இவ எதுக்குங்க இதுல?"

"நீ வரலன்னா சொல்லிக் குடுக்க யாராவது வேணுமில்ல?"

கேட்க வந்ததை விட்டுவிட்டேன். மேசைமேல் கிடந்த சிவப்புப் பேனாவை எடுத்து இசைவாணியின் பெயரை அடித்தேன்.

"அவ வகுப்புலயே ஒக்காரட்டும். சனிக்கிழமை நான் வரேங்க."

"என் தங்கம்!" என்று டீச்சர் என் கன்னத்தைக் கிள்ளினார்.

அந்தப் பெயரை அவர் எழுதியதே என்னை வரச் சம்மதிக்க வைக்கத்தானோ என்று படியிறங்கும்போதுதான் எனக்கு உறைத்தது.