மங்கையற்கரசி வாங்காத ஆட்டிறைச்சி

அன்று ரொறன்ரோவின் வோபர்ன் பகுதியில் உள்ள அந்த வீட்டின் சாப்பாட்டு மேசையைச் சுற்றி இருந்தவர்கள் நான்கு பேர். முதலாமவர் வீட்டுக்காரர் சண்முகலிங்கம். மனைவியை இழந்தவர், ஊர்ச் சங்கத்தின் தலைவர். அடுத்தவர் அவருடைய தங்கை மங்கையற்கரசி. மூன்றாவது மங்கையற்கரசியின் ஒரே மகள் சாம்பவி, மிசிசாகாவில் அலுவலக வேலை. நான்காமவர் ஜெயரட்ணம், குடிவரவுப் படிவங்கள் நிரப்பிக் கொடுப்பவர், அந்தத் தொழிலுக்கான அனுமதிப்பத்திரம் இல்லாதவர். வேறு ஒருவரும் அங்கே இருக்கவில்லை. தாங்களும் அன்று அங்கே நின்றதாகப் பின்னாளில் பலர் சொல்லித் திரிந்தார்கள். அவர்கள் நிற்கவில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.

அன்று பராசக்தியின் ஆட்டத்திவசம், இறந்து ஒரு வருடம் நிறைந்த திதி. ஐயர் காலையிலேயே வந்து போய்விட்டார். படைத்த சோறும் பதினொரு கறியும் சாப்பிட்டு முடித்து, வாழையிலையை மடித்துப் போட்டுவிட்டு, தேத்தண்ணியோடு இருந்தார்கள்.

பராசக்தி இவர்களுக்கு மூத்தவர், மணமாகாதவர், யாழ்ப்பாணத்தில் தனியாக இருந்த ஆசிரியை. குளியலறையில் விழுந்தவருக்கு ஒரு பக்கம் இயங்காமல் போனது, பேச்சும் போனது. இரண்டு மாதம் நின்று பார்த்துவிட்டு வருகிறேன் என்று சொல்லித்தான் மங்கையற்கரசி ரொறன்ரோவிலிருந்து போனார். மூன்றரை வருடம் நின்றார். அக்காவின் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடிந்த பிறகுதான் விமானம் ஏறினார்.

மங்கையற்கரசி கனடியக் குடியுரிமை பெற்றவர் அல்லர். மகள் பொறுப்பேற்று அழைத்ததால் நிரந்தர வதிவிட உரிமை கிடைத்தவர். எந்த ஐந்து வருடத்தை எடுத்துப் பார்த்தாலும் அதில் இரண்டு வருடமாவது நாட்டுக்குள் இருந்திருக்க வேண்டும் என்பது அந்த உரிமையோடு வரும் கடமை. விமான நிலையத்தில் அதிகாரி கடவுச்சீட்டைப் புரட்டினார், கேள்வி கேட்டார், அறிக்கை எழுதினார். நாட்டை விட்டுப் போகும்படி உத்தரவு வந்தது. சாம்பவி உடனே யூஜினி என்ற வழக்கறிஞரைப் பிடித்து மேன்முறையீடு செய்தாள். அது முடியும் வரை உரிமை கையில் இருக்கும். தோற்றால் போகவேண்டியதுதான். திரும்பிப் போனால் அங்கே மங்கையற்கரசிக்கு ஒரு வெறும் வீடு மட்டும் இருந்தது. மகள் இங்கே இருந்தாள். விசாரணைக்கு இன்னும் ஒரு மாதம்.

யூஜினிக்குத் தெரியாமல் ஜெயரட்ணத்தைக் கூட்டிவந்தவர் சண்முகலிங்கம்.

"அக்கா, நீங்கள் ஒண்டுக்கும் பயப்பிடாதேங்கோ," என்றார் ஜெயரட்ணம். "இடையில இரண்டு தரம் இஞ்ச வந்து கனநாள் நிண்டனீங்கள் எண்டு சொல்லுவம். அதுக்கு முத்திரை குத்தின பழைய பாஸ்போட் துலைஞ்சு போச்சு எண்டு சொல்லுவம். உங்கட அண்ணை ஏற்கெனவே அதுக்கு ஆதாரம் செய்து வைச்சிருக்கிறார். மூளைசாலி."

"என்ன ஆதாரம்?" என்று கேட்டார் மங்கையற்கரசி.

சண்முகலிங்கம் கதிரையில் நிமிர்ந்து இருந்தார். "போகேக்குள்ள உன்ர பாங் காட்டை என்னட்டத் தந்திட்டுப் போனனியெல்லோ. ஒவ்வொரு சனிக்கிழமையும் வெக்ஸ்போட் கடையில அந்தக் காட்டால சாமான் வாங்கினனான். பனி கொட்டினாலும் போனனான். ஒரு கிழமை விடேல்லை. ஆள் இஞ்ச இல்லாமல் காட் எப்பிடிச் சாமான் வாங்கும்?"

"என்ன சாமான் அண்ணை வாங்கினனீங்கள்?"

"சாமான்தான்."

"அதுதான், என்ன சாமான்?"

சண்முகலிங்கம் தேத்தண்ணிக் கோப்பையைக் கொஞ்சம் தள்ளி வைத்தார். "ஆட்டிறைச்சி."

சாம்பவி வாயைப் பொத்திக்கொண்டாள். மங்கையற்கரசி புருசன் செத்த நாளிலிருந்து மச்ச மாமிசம் தொடாதவர். முட்டை போட்ட கேக் என்றால் தட்டைத் தள்ளிவிடுவார்.

"எலும்போடயோ, எலும்பில்லாமலோ?" என்று கேட்டார் மங்கையற்கரசி.

"எலும்போட."

"அப்ப நான் மூண்டரை வருசமாய் கிழமைக்குக் கிழமை எலும்பு கடிச்சிருக்கிறன்."

"அம்மா, நீங்கள் சைவம் எண்டதுக்கு இந்த வோபர்னே சாட்சி," என்றாள் சாம்பவி. "மாமா, சீரியஸ்லி, ஒரு கத்தரிக்காயாவது வாங்கியிருக்கலாம்."

ஜெயரட்ணம் தளரவில்லை. "அது சின்னப் பிரச்சினை. மருமகனுக்குச் சமைக்க வாங்கினது எண்டு சொல்லலாம்."

"சாம்பவிக்கு இன்னும் கலியாணம் ஆகேல்லை, தம்பி."

"விசாரணைக்கு ஒரு மாதம் கிடக்குத்தானே."

சாம்பவி கைத்தொலைபேசியைக் கவிழ்த்து வைத்துவிட்டு மாமனைப் பார்த்தாள்.

"மாமா, பிளேனில ஏறினதும் இறங்கினதும் குடிவரவுக்காரரின்ர கொம்பியூட்டரில இருக்கு. ஆட்டிறைச்சி அதை மாத்தாது. யூஜினி ஒண்டு சொன்னவ. இஞ்ச இருந்த நாள் குறைவெண்டால் அது ஒரு பிழை. பொய் சொன்னால் அது அதைவிடப் பெரிய பிழை, பிறகு ஒருதராலயும் காப்பாத்தேலாது. ஆனால் உண்மையான காரணம் இருந்தால் மனிதாபிமான அடிப்படையில பார்ப்பினம். அம்மாட்டக் காரணம் இருக்கு."

"அப்ப அதைச் சொல்லட்டன். நான் ஏன் இதுக்குள்ள?"

"அவை கேக்கிற முதல் கேள்வி, பெரியம்மாவைப் பார்க்க வேற ஒருதரும் இருக்கேல்லையோ எண்டுதான். அவவின்ர தம்பி ஒருதர் கனடாவில இருந்தவர். அவர் ஏன் போகேல்லை? அவர் ஏன் ஆள் வைக்கேல்லை? அதை நீங்கள்தான் வந்து சொல்லோணும்."

சண்முகலிங்கத்தின் முகம் இறுகியது. காரணம் இருந்தது. பராசக்தி படுக்கையில் கிடந்த காலம் முழுவதும் சங்கத்தில் யார் விசாரித்தாலும் அவர் ஒரே பதிலைத்தான் சொல்லிவந்தார்: பகலுக்கு ஒரு நேர்ஸ், இரவுக்கு ஒரு நேர்ஸ், அக்கா ராணி மாதிரி இருக்கிறா. ரொறன்ரோவில் நடந்த அஞ்சலிக் கூட்டத்தில் மேடையேறி அந்த நேர்ஸ்மாருக்கு நன்றியும் சொன்னார். சபை கைதட்டியது. உண்மையில் நேர்ஸ் என்று ஒருவரும் இருக்கவில்லை. தங்கை பார்த்துக்கொள்கிறாள் என்று அவர் இருந்துவிட்டார். விமானச் சீட்டுப் பதிவு செய்வார், பிறகு மாற்றுவார். செத்த வீட்டுக்கும் போகவில்லை. கூடப்பிறந்த ஒரே ஆண் ரொறன்ரோவில் இருக்க, பராசக்திக்குக் கொள்ளி வைத்தவன் பக்கத்து வீட்டுக்காரரின் மகன்.

"நான் ஒரு சங்கத்தின்ர தலைவர்," என்றார் அவர். "நாலு பேர் கேக்க, என்ர அக்காவை நான் பார்க்கேல்லை எண்டு சொல்லோணுமோ?"

"நீங்கள் பார்க்கேல்லைத்தானே, அண்ணை."

மங்கையற்கரசி அதைக் குரல் உயர்த்தாமல் சொன்னார். தொடர்ந்தும் அதே குரலில்தான் பேசினார்.

"நான் ஒரு நாளும் வெளியில சொல்லேல்லை. இனியும் உங்களைக் குறை சொல்ல வரேல்லை. ஆனால் இவர் சொல்லுறதை யோசிச்சுப் பாருங்கோ. நான் இஞ்ச நிண்டன் எண்டு சத்தியம் பண்ணினால், அக்காவோட நிக்கேல்லை எண்டும் சத்தியம் பண்ணினதாய்த்தான் போகும். அவவுக்கு வாய் துடைச்சது நான். பீ மூத்திரம் அள்ளினது நான். கடைசியாய் அவ கையைப் பிடிச்சது என்ர கை. ஒரு வதிவிடக் காட்டுக்காக அதை இல்லையெண்டு சொல்ல மாட்டன். நாட்டை விட்டுப் போ எண்டால் போறன். பிள்ளையை விட்டிட்டுப் போறது எனக்குச் சாவு மாதிரித்தான். எண்டாலும் அந்தப் பொய்யைச் சொல்ல மாட்டன்."

ஜெயரட்ணம் எழுந்தார். "யோசிச்சுச் சொல்லுங்கோ அண்ணை," என்று சண்முகலிங்கத்திடம் மட்டும் சொல்லி, கட்டி வைத்திருந்த வடைப் பொட்டலத்தை மறக்காமல் எடுத்துக்கொண்டு போனார். அதன் பிறகு அவர் அந்த வீட்டுப் பக்கம் வரவில்லை.

அடுத்த சனிக்கிழமை சண்முகலிங்கம் பழக்கதோஷத்தில் வெக்ஸ்போர்ட் கடைக்குப் போனார். தங்கையின் காட் அப்போது தங்கையிடமே இருந்தது, கால்கள்தான் பழகிவிட்டன. இறைச்சி வெட்டுபவர் அவரைக் கண்டதும் கத்தியை எடுத்தார்.

"என்ன அண்ணை, வழமையானதுதானே? உங்களைப் போல ஒழுங்காய் வாற ஆளை நான் காணேல்லை. போன பெரிய பனிக்கும் வந்தனீங்கள்."

சண்முகலிங்கம் ஒழுங்காய் வந்தது உண்மை. ஒரு தங்கை இருக்காத இடத்தில் இருந்ததாகக் காட்டுவதற்கு வாரம் தவறாமல் வந்திருக்கிறார். ஒரு அக்கா இருந்த இடத்துக்கு ஒரு நாளும் போகவில்லை. பனியில் ஓடிவர முடிந்த மனிதனுக்கு விமானம் ஏற முடியாமல் போனதற்கு என்ன காரணம் என்று விசாரணையில் கேட்டால், சொல்லக்கூடிய பதில் ஒன்றும் அவரிடம் இல்லை. ஆனால் அந்தப் பதில் இல்லாமைதான் தங்கைக்கு வேண்டிய சாட்சி என்பது அந்த இறைச்சி வெட்டும் மேசைக்கு முன்னால் அவருக்கு விளங்கியது.

"இண்டைக்கு வேண்டாம்," என்று சொல்லிவிட்டு வெளியே வந்தார். காருக்குள் இருந்தபடியே சாம்பவிக்குத் தொலைபேசி எடுத்தார்.

"உந்த லோயர் பிள்ளையின்ர நம்பரைத் தா."

"ஏன் மாமா? அவவோட சண்டை பிடிக்கவோ?"

"இல்லை. சாட்சி சொல்ல."

விசாரணை யூஜினியின் அலுவலகத்தில், காணொளித் திரைக்கு முன்னால் நடந்தது. சண்முகலிங்கம் கோட்டும் கழுத்துப்பட்டியும் அணிந்து வந்தார். சங்கத்தின் பொங்கல் விழாவுக்கு அணியும் அதே கோட். திரைக்குள் இருந்த மேன்முறையீட்டுச் சபை உறுப்பினர் கேட்டதை மொழிபெயர்ப்பாளர் தமிழில் சொன்னார். அக்காவைப் பராமரிக்க வேறு ஏற்பாடு எதுவும் இருந்ததா?

"இருக்கேல்லை," என்றார் சண்முகலிங்கம். "ஏற்பாடு செய்ய வேண்டிய ஆள் நான். நான் செய்யேல்லை. போகவும் இல்லை. எனக்கு நோய் வருத்தம் ஒண்டும் இருக்கேல்லை, காசுக்கும் குறையில்லை. தங்கச்சி திரும்பி வந்திருந்தால் அக்கா தனியக் கிடந்து செத்திருப்பா. தங்கச்சி இந்த நாட்டில இருந்த நாள் குறைஞ்சதுக்குக் காரணம் நான்."

உறுப்பினர் கேட்காமலே, தங்கையின் பாங் காட்டால் எலும்போடு ஆட்டிறைச்சி வாங்கியதையும் சொன்னார். வாங்கிய காலத்தில் தங்கைக்கு அது தெரியாது என்றும் சொன்னார். யூஜினி அதை எதிர்பார்த்திருந்தார். சொல்லிவிடும்படி சண்முகலிங்கத்தை முன்னரே கேட்டுக்கொண்டவர் அவர்தான். மொழிபெயர்ப்பாளர் 'எலும்போடு' என்பதையும் விடாமல் மொழிபெயர்த்தார். உறுப்பினர் ஒரு கணம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

சில வாரங்களில் முடிவு வந்தது. மேன்முறையீடு ஏற்கப்பட்டது. மங்கையற்கரசியின் உரிமை நிலைத்தது.

நன்றி சொல்ல வந்தவர்களை யூஜினி அதிகம் கொண்டாட விடவில்லை. "அன்ரி, இது கருணையால கிடைச்சது. எல்லாருக்கும் கிடைக்கும் எண்டு நினைக்கக் கூடாது. கனகாலம் வெளியில நிக்கிறதெண்டால், போக முதலே வந்து கேளுங்கோ. வதிவிடக் காட்டில திகதி முடியேல்லையெண்டால் போதும், ஆறு மாதத்துக்கு ஒருக்கால் வந்து கால் வைச்சால் காணும் எண்டு சனம் கதைக்கிறதை நம்பிப் போகாதேங்கோ. இருந்த நாள்தான் கணக்கு."

"நாள் கணக்கு ஒரு பக்கம், பிள்ளை," என்றார் சண்முகலிங்கம். "நான் படிச்சது வேற. குடும்ப மானம் எண்டு சொல்லி நாங்கள் மூடி வைக்கிறது அனேகமாய் எங்கட குற்றத்தைத்தான். மானம் வேணுமெண்டால் கடமையைச் செய்யோணும். செய்யேல்லையெண்டால் செய்யேல்லை எண்டு சொல்லுறதுதான் மிச்சம் இருக்கிற மானம்."

அந்த வருடத்துச் சங்கக் கூட்டம் ஒரு பாடசாலை மண்டபத்தில் நடந்தது. தலைவர் உரைக்கு முன்னரே பின்வரிசையில் கதை ஓடிக்கொண்டிருந்தது. றீற்றா என்ற பெண்மணி பக்கத்திலிருந்தவரிடம் சொன்னது மேடை வரைக்கும் கேட்டது.

"மங்கையற்கரசியை எயார்போட்டிலயே பிடிச்சுத் திருப்பி அனுப்பிட்டாங்களாம். பாவம், அங்க அந்த இரண்டு நேர்ஸ்மாரும் நல்லாய்ப் பார்த்த அக்காவிட்ட இவ ஏன் போய்க் கிடந்தவவோ தெரியாது. இப்ப அண்ணன்காரன் ஆரோ பெரிய ஆளைப் பிடிச்சு, பாங் கணக்கைக் காட்டி, வழக்கை வெண்டிட்டாராம்."

சண்முகலிங்கம் மேடையில் ஒலிவாங்கியை உயரத்துக்குச் சரிசெய்தார். எழுதி வந்த உரையை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்தார்.

"றீற்றா அக்கா சொன்னது பிழை. மங்கையற்கரசியை ஒருதரும் திருப்பி அனுப்பேல்லை. உந்தா, பின்னால குசினியில வடை சுடுறா. நான் ஒரு பெரிய ஆளையும் பிடிக்கேல்லை. பாங் கணக்கால வழக்கு வெல்லேல்லை, உள்ளதைச் சொன்னதால வெண்டது. நேர்ஸ்மார் எண்டு ஒருதரும் இருக்கேல்லை. அது நான் சொன்ன பொய்."